கல்லறையில் நட்ட களை

ஜேசுபாதம் அண்ணாச்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என் முட்டாள்தனத்தைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. பரவாயில்லை. கல்லூரி ஆண்டு மலரில் முதல்வர்களுக்குப் பக்கம் உண்டு, பேராசிரியர்களுக்குப் பக்கம் உண்டு. அட்டெண்டருக்கு யார் எழுதப் போகிறார்கள்? நான்தான் எழுத வேண்டும்.

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் நான் டைப்பிஸ்ட். பெயர் தாணுலிங்கம். அண்ணாச்சி அங்கே தாவரவியல் துறை அட்டெண்டர். சொந்த ஊர் நாசரேத் பக்கம், குடியிருந்தது தூத்துக்குடியை ஒட்டிய புதுக்கோட்டையில். தினமும் திருநெல்வேலி ரோட்டில் பஸ் ஏறி வருவார். ஐம்பதைத் தொட்ட வயது, ஒட்டிய கன்னம், துவைத்துத் துவைத்து வெளுத்த காக்கிச் சட்டை. பேச்சு மட்டும் அவரிடம் ரேஷன். நாலு வார்த்தை அவர் வாயிலிருந்து வர வேண்டுமென்றால் நாம் நாற்பது வார்த்தை பேச வேண்டும். எனக்கு அதில் கஷ்டமில்லை, நான் சும்மாவே நாற்பது பேசுகிறவன்.

துறைத் தலைவர் பேராசிரியர் சுந்தர்சிங் கடல்பாசி ஆராய்ச்சிக்காரர். கடல் வற்றிக் கிடக்கும் நேரம் பார்த்துத் தருவைகுளம் பக்கம் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பாசி பறித்து வருவது அண்ணாச்சியின் வேலை. கொண்டுவந்த பாசியைத் தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிடுவார். அடியில் ஒரு தாளை நழுவவிட்டு, பழைய பல் பிரஷ்ஷின் நுனியால் ஒவ்வோர் இழையாக விரித்துவிடுவார். தாளைத் தூக்கும்போது பாசி அதில் அப்படியே படிந்து வரும். அவர் அதைச் செய்கிறபோது பக்கத்தில் நிற்கிறவன் தும்மக்கூட மாட்டான். எட்டாம் வகுப்புப் படிப்பு. ஆனால் அவர் கை பட்ட தாள் ஒன்றுகூடச் சுருங்கியதில்லை.

எழுபத்திரண்டு அக்டோபரில் ஒரு நாள் அவர் பாசிக்குப் பதிலாக, சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடியில் ஒரு செடியை வைத்துக் கொண்டுவந்தார். ஒரு சாண்கூட உயரமில்லை. தரையோடு படர்கிற தண்டு, மயிர் அடர்ந்த சின்ன இலை, நாலைந்து மஞ்சள் பூ. நான் அந்தப் பக்கம் போவதற்குள் அதைத் தினத்தாளுக்கு நடுவில் வைத்து அமுக்கிவிட்டார்கள். ஆகவே அந்தப் பூ உயிரோடு எப்படி இருக்கும் என்பதை நான் பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்து நான் பார்த்தது, தாளில் ஒட்டிய, பழுப்பேறிய ஒரு சருகைத்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கு இது ஒன்றுதான் சாக்கு.

பேராசிரியர் லென்ஸை வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கிலுகிலுப்பைச் செடியின் சாதி என்றார். ரோட்டோரத்தில் இருக்குமே, காய்ந்த காயை ஆட்டினால் உள்ளே விதை சலசலக்குமே, அந்தச் சாதி. ஆனால் இது புத்தகத்திலுள்ள எதனோடும் ஒத்துப்போகவில்லையாம். "எங்கேயா கெடைச்சது?" என்று கேட்டார்.

"புதுக்கோட்டைப் பக்கம்யா. சரளை மேடு. புல்லுக்குள்ள கெடந்தது."

அதைத்தான் நான் தாளில் ஒட்டுகிற சீட்டில் டைப் அடித்தேன். 'வறண்ட சரளைப் புல்வெளி, புதுக்கோட்டை, திருநெல்வேலி ரோடு. ஒருபருவச் செடி. பூ மஞ்சள்.' எல்லாம் இங்கிலீஷில். செடிகளைக் காயவைத்துச் சேர்த்துவைக்கிற ஓர் அரசாங்க நிலையத்துக்குத் தாள் போயிற்று. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பூவை மட்டும் வைத்து இனம் சொல்வதற்கில்லை, முற்றிய காயும் விதையும் அனுப்பவும், புதிய இனமாக இருக்கவும் கூடும் என்று எழுதியிருந்தார்கள்.

பேராசிரியர் குதூகலமாகிவிட்டார். "புதுசுன்னு வந்துட்டா உம்ம பேரையே வச்சிருவோம்யா, ஜேசுபாதம்!"

அண்ணாச்சி கழுவிக்கொண்டிருந்த ஜாடியைக் கீழே வைத்தார். "வேற ஆளு பேரும் வைக்கலாமாய்யா?"

"வைக்கலாமே."

"பொம்பள ஆளு பேரு?"

லேபில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பெரிதாகச் சிரித்தவன் நான். "எந்த சினிமாக்காரி பேரு அண்ணாச்சி?" என்று வேறு கேட்டேன். அவர் காது சிவந்து ஜாடியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார். அவர் வீட்டம்மா இறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கேலி. வாய்க்கொழுப்புக்கு மருந்து ஏது?

எழுபத்து மூன்றில் மழைக்குப் பிறகு, "காய் கெடைச்சதா ஜேசுபாதம்?" என்று பேராசிரியர் கேட்டார். "கெடைக்கலய்யா" என்றார். நான் தனியாகப் பிடித்து விசாரித்தேன்.

"பூ வருது தம்பி. காய் முத்துததுக்குள்ள ஆளுக வெட்டிப் போட்டுருதாவ. மிச்சத்த ஆடு மேஞ்சிருது."

புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டு லாரிகள் ஓடிய காலம் அது. ரோட்டு வேலைக்காரர்கள்தான் வெட்டுகிறார்கள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அவர் அதை மறுக்கவில்லை. எழுபத்து நாலில் மழை பொய்த்தது. செடியே தலைகாட்டவில்லை. எழுபத்தைந்தில் பேராசிரியர் ஓய்வுபெறும் உத்தரவை நானே டைப் அடித்தேன். அடுத்த மார்ச் மாதத்தோடு சரி. அவருக்குப் பின் வருகிறவருக்குக் காளானைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாதாம். ஆகவே அந்தச் செடிக்குப் பெயர் கிடைக்க வேண்டுமானால் அந்த ஒரு மழைக்காலம்தான் பாக்கி.

அந்த வருஷம் புரட்டாசியிலேயே நல்ல மழை. அண்ணாச்சி முகத்தில் ஒரு சிரிப்பை அப்போதுதான் பார்த்தேன். "இந்த வருசம் நெறைய வந்திருக்கு தம்பி. அரைச்சாண் எடமில்ல" என்றார். அக்டோபர் கடைசியில் அவருக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார்.

ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கண்ணை மூடிப் படுத்திருந்தவர், "இன்னைக்குத் தேதி என்ன?" என்றார். முப்பது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "இன்னைக்குத் தேதி என்ன?" நர்ஸ் சொன்னாள், நாளெல்லாம் இதே கேள்விதானாம்.

ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் இன்பமணி. புதுக்கோட்டைக் கோயில் கமிட்டியில் இருக்கிறவர். அவரிடம் சொன்னபோது உச்சுக்கொட்டினார். "நவம்பர் ரெண்டாம் தேதி எங்க கல்லறைத் திருநாள் வேய். அதுக்கு முந்தியே எல்லாரும் போயி அவங்கவங்க வீட்டுக் கல்லறைய வெட்டிச் சுத்தம் பண்ணி, சுண்ணாம்பு அடிச்சு வச்சிருவோம். அன்னைக்கு மாலை போட்டு ஜெபம் பண்ணுவோம். ஒரு கல்லறை களை மண்டிக் கெடந்தா அந்தக் குடும்பத்துக்கே கேவலம். பாவம், ஜேசுபாதம் அண்ணாச்சிக்குப் பிள்ளையா குட்டியா? அதான் தேதி கேக்காரு."

எனக்கு மனசு உருகிவிட்டது. எங்கள் சாதி சனத்தில் எரித்துவிட்டுச் சாம்பலைக் கரைத்துவிடுவோம். வருஷா வருஷம் போய்ப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் இருப்பது எனக்குப் புதிது. சரி, பிள்ளை இல்லாத மனிதருக்கு நான் ஒரு பிள்ளையாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று தீர்மானித்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் செய்தால்தானே பெருமை.

இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. முதல் பஸ்ஸில் புதுக்கோட்டை போய் இறங்கி, டீக்கடையில் மண்வெட்டி இரவல் வாங்கிக்கொண்டேன். ஊருக்கு வெளியே, ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, சரளைக்கல் மேடு. சுற்றிலும் உடைமுள் வேலி. உள்ளே கல்லறைகள் எல்லாம் நேற்று அடித்த சுண்ணாம்பில் பளிச்சென்றிருந்தன. கடைசிக் கல்லறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"ஜேசுபாதம் வீட்டம்மாவா? அந்தா, மூலையில ஒண்ணு காடா கெடக்கே, அதுதான். மூணு நாளா எல்லாரும் வந்து செதுக்குதாவ, அந்த மனுசன் எட்டிப் பாக்கல. கட்டுன கல்லறையா அது? வெறும் மண்ணு."

உண்மைதான். சிமெண்டு கிடையாது. சரளையைக் குவித்த மேடு, தலைமாட்டில் எழுத்து அழிந்த ஒரு மரச்சிலுவை. மேடு முழுக்க ஊசிப்புல்லும் ஏதோ பச்சைக் கொடியும் பின்னிக் கிடந்தன. ரோசம் வந்துவிட்டது எனக்கு. வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன்.

மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லாத கை. மற்றவர்கள் களையை மேலாகச் செதுக்கி எடுப்பார்கள். எனக்கு அந்த நெளிவுசுளிவு தெரியாது. கிணறு வெட்டுகிறவனைப் போல ஓங்கி ஓங்கிக் கொத்தினேன். மழையில் ஊறிய மண் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. ஒரு மணி நேரத்தில் உள்ளங்கையில் கொப்புளம். வெட்டியதையெல்லாம் அள்ளி வேலியோரம் போட்டேன். சுற்றிலும் கல் அடுக்கி, பெரியவரிடம் மிச்சம் இருந்த சுண்ணாம்பை வாங்கிக் கல்லுக்குப் பூசி, கொண்டுபோன செவ்வந்தி மாலையைச் சிலுவையில் போட்டேன். தள்ளி நின்று பார்த்தபோது, பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய நாளில்கூட எனக்கு அவ்வளவு பெருமை இருந்ததில்லை.

ஒன்பது மணி இருக்கும். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அண்ணாச்சி வந்து கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் சண்டை போட்டுவிட்டு, டாக்டர் சொல்லுக்கு அடங்காமல் பஸ் ஏறியிருக்கிறார். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, மேட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எப்படி அண்ணாச்சி?" என்றேன். பல்லெல்லாம் வெளியே.

"நீங்களா தம்பி?"

"பின்ன வேற யாரு?"

அவர் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக் கொப்புளத்தைப் பார்த்தார். "ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கிய" என்றார். அவ்வளவுதான். மேட்டை மறுபடி பார்க்கவில்லை. வேலியோரத்துக் குப்பையைப் பார்த்து நடந்தார்.

நானும் திரும்பிப் பார்த்தேன். காலையில் நான் அள்ளிப்போட்டபோது வெறும் பச்சை. இப்போது அந்தக் குப்பை முழுக்க மஞ்சள். வெயில் ஏறியதும் பூ விரிந்திருந்தது. வேர் அறுந்தது தெரியாமல் அத்தனையும் விரிந்திருந்தது.

"அண்ணாச்சி, இதா அது?"

"ஆமா."

மண்வெட்டியை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, நான் பிடித்தது குரங்குகூட இல்லை. மூன்று வருஷம் அந்த மனிதர் காத்திருந்ததை ஒரு மணி நேரத்தில் வெட்டிப் போட்டுவிட்டு, பூ மாலை வேறு போட்டிருக்கிறேன். சொல்வதற்கென்ன, அழுதுவிட்டேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல? சரளை மேடுன்னுதான சொன்னிய? சீட்டுல நான்தான அடிச்சேன்?"

"எப்படித் தம்பி சொல்லுவேன்? பொண்டாட்டி கல்லறையில பூப் பறிச்சுக் காலேஜுக்குக் கொண்டாந்தேன்னா? கல்லறையில இருந்து ஒரு குச்சிகூட எடுக்கக் கூடாதும்பாவ. வேற எங்கனயும் தேடிப் பாத்துட்டேன். வெளிய ஆடு விடமாட்டேங்கு. உள்ள திருநாளுக்கு வெட்டிருதாவ. போன தடவ கிளாடிஸ் வந்து வெட்டிப்புட்டா. இந்த வருசம் நானே காவல் இருக்கணும்னு இருந்தேன், காய்ச்சல் வந்துட்டு."

அவர் தேதி கேட்டுக்கொண்டே கிடந்தது யாரும் சுத்தம் செய்யவில்லையே என்றல்ல, யாராவது செய்துவிடுவார்களே என்று.

அந்த நேரம் பார்த்துக் கிளாடிஸ் அம்மாவும் வந்து சேர்ந்தார். வீட்டம்மாவின் தங்கை. நாசரேத்தில் தையல் டீச்சர். கையில் பூக்கூடையும் வாயில் வசவும் தயாராக வந்தவர், மேட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பெரியவர் என்னைக் கைகாட்டினார்.

"நீங்கதான் செஞ்சியளா? நல்லா இருப்பிய. கட்டுன புருசன் செய்யாதத யாரோ ஒரு பிள்ளை வந்து செஞ்சிருக்கு. கேட்டியளா அத்தான்? உங்களுக்கு வெக்கமா இல்ல?"

அண்ணாச்சி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, செடி, காய், பேராசிரியர், மார்ச் மாதம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கிளாடிஸ் அம்மா கூடையைக் கீழே வைத்தார். "எங்கிட்டச் சொன்னா நான் முந்தாநாளே வந்து இங்கன காவல் கெடந்திருப்பேனே அத்தான். வாயுள்ள பிள்ளை பொழைக்கும்பாவ, உங்களுக்கு அது கிடையவே கிடையாது. இருபத்திரண்டு வருசம் எங்க அக்காவ 'ஏளா', 'ஏளா'ன்னே கூப்பிட்டிய. ஞானபாய்னு ஒரு தடவ உங்க வாயில வந்திருக்கா? பள்ளிக்கூடத்துல அவ அத்தன பிள்ளைக்கும் பேரு சொல்லி ஆஜர் எடுத்தா. அவ பேரச் சொல்ல வீட்டுல ஆளில்ல."

"அதுக்குத்தான்..." என்று ஆரம்பித்து அண்ணாச்சி நிறுத்தினார். குப்பையைக் காட்டினார். "அதுக்குத்தான் இதுக்கு அவ பேர வைக்கலாம்னு."

கிளாடிஸ் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். மூன்று பேருமாகக் கிளறினோம். வேர் அறுந்தவை, தண்டு முறிந்தவை, ஏற்கெனவே வாடத் தொடங்கியவை. காய்கள் இருந்தன, எல்லாம் இளம் பச்சை. அண்ணாச்சி ஒரு மண்கட்டியைத் தூக்கிப் பார்த்தார். அதன் மேல் செடி முழுசாக நின்றது.

"செதுக்கியிருந்தா ஒண்ணும் மிஞ்சாது" என்றார். "தம்பி ஆழமாக் கொத்தியிருக்காவ. மண்ணோட வந்திருக்கு."

இப்படி ஒன்பது தேறின. என் வாழ்நாளில் எனக்கு வேலை தெரியாமல் போனதற்கு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். டீக்கடையிலிருந்து நான் தண்ணீர் சுமந்தேன். அண்ணாச்சி கையால் குழி பறித்தார். கிளாடிஸ் அம்மா மண்கட்டிகளைக் கைக்குழந்தையைத் தூக்கிக் கொடுப்பதுபோல் எடுத்துக் கொடுத்தார். நான் அடுக்கிய சுண்ணாம்புக் கல்லெல்லாம் சேறு.

அந்தக் கோலத்தில்தான் சபையார் பாட்டுப் பாடிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். குருவானவர் முன்னால். ஊரெல்லாம் கல்லறையில் களை பிடுங்கியிருக்க, ஒரு குடும்பம் மட்டும் திருநாளன்று களை நட்டுக்கொண்டிருக்கிறது. பாட்டு சுருதி இறங்கி நின்றுவிட்டது. இன்பமணி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

"என்னம்மா இது?" என்று குருவானவர் கேட்டார்.

"எங்க அக்கா தோட்டம்யா" என்றார் கிளாடிஸ் அம்மா. "கொஞ்சம் தள்ளி நின்னு ஜெபம் பண்ணுங்க, செடி மிதிபட்டுறாம."

குருவானவர் நல்ல மனிதர். இரண்டு அடி தள்ளி நின்று ஜெபம் செய்தார்.

அதன் பிறகு நாற்பது நாள். அண்ணாச்சி மேட்டைச் சுற்றி உடைமுள் வெட்டிப் போட்டார். காலையில் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு வாளி, சாயங்காலம் திரும்பியதும் ஒரு வாளி. ஞாயிறுதோறும் நானும் போனேன். பெருமழை வந்து இரண்டைச் சாய்த்தது. வேலிச் சந்தில் நுழைந்த ஓர் ஆடு மூன்றைத் தின்றது. இரண்டு தானாகக் காய்ந்தன. மிஞ்சியவை இரண்டு. அவற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தானாகப் பேசினார். நாற்பது வார்த்தை செலவில்லாமல் அவரிடமிருந்து எனக்கு வந்தது அது ஒன்றுதான்.

"ஒரு தடவ அவளே கேட்டா தம்பி. எனக்கும் ஒரு பேரு இருக்குல்லா, ஒரு நாளாவது கூப்பிடுங்களேன்னா. சிரிச்சுக்கிட்டுதான் கேட்டா. எனக்கு நாக்கு பொரளல. கூச்சம். நாளைக்குக் கூப்பிட்டா போச்சுன்னு இருந்துட்டேன். ஆஸ்பத்திரியில கடேசி நேரத்துலயும் 'ஏளா, ஏளா'ன்னுதான் கூப்பிட்டேன். திரும்பிப் பாக்கல."

எனக்கும் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நானும் வீட்டில் 'ஏளா'தான்.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் காலை, நான் மும்முரமாக டைப் அடித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி என் காதோரம் ஒரு தீப்பெட்டியை நீட்டினார். லேசாக ஆட்டினார்.

"கேக்கா?"

உள்ளே ஒரு காய். அதற்குள் விதை சலசலத்தது. மிகச் சின்னச் சத்தம்தான். ஆபீஸில் மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டேன்.

அன்றைக்கே தாள் தயாரானது. செடி, பூ, காய், ஒரு சின்ன உறையில் விதை. நான் சீட்டை மெஷினில் ஏற்றி, பழக்க தோஷத்தில் 'வறண்ட சரளைப்' என்று ஆரம்பித்தேன். அவர் கை என் தோளில் விழுந்தது.

"அது வேண்டாம் தம்பி. போன தடவ மறைச்சுட்டேன். இந்தத் தடவ உள்ளத எழுதுங்க."

"உள்ளதுன்னா?"

அவர் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என் முன்னால் நகர்த்தினார். நான் அதை அப்படியே இங்கிலீஷில் அடித்தேன். 'இடம்: ஞானபாய் கல்லறை, புதுக்கோட்டை.' பேராசிரியர் அதைப் படித்தார். அண்ணாச்சியை ஒரு தடவை பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரி கடைசியில் பதில் வந்தது. தபால் பிரிக்கிறவன் நான்தானே. நின்றபடியே படித்தேன். அது புதிய இனமில்லை. நூறு வருஷத்துக்கு முன்பே எவரோ கண்டு பெயர் வைத்தாயிற்று. வாயில் நுழையாத ஒரு லத்தீன் பெயர்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். அண்ணாச்சி ஜன்னலோரம் பாசித் தாள்களுக்கு நடுவே இருந்த நாளிதழை மாற்றிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. விஷயத்தைச் சொன்னேன். "போச்சே அண்ணாச்சி. ஏற்கெனவே பேரு இருக்காம்" என்றேன்.

"வேற என்ன எழுதியிருக்காவ? முழுக்க வாசிங்க."

வாசித்தேன். முற்றிய காயோடு கூடிய இந்த இனத்தின் தாள் தங்கள் சேகரத்தில் இதற்கு முன் இல்லை என்றும், ஆகவே நன்றியோடு ஏற்றுக்கொள்வதாகவும் எழுதியிருந்தார்கள். கீழே பதிவேட்டுக் குறிப்பு. சேகரித்தவர், ஜேசுபாதம். கிடைத்த இடம், ஞானபாய் கல்லறை, புதுக்கோட்டை.

"கடேசி வரிய இன்னொரு தடவ வாசிங்க."

வாசித்தேன்.

அவர் கையிலிருந்த நாளிதழை மடித்து ஓரமாக வைத்தார். என்னிடமிருந்து கடிதத்தை வாங்கி, அந்த வரியின் மேல் விரலை வைத்தார். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகும். நான் உதவிக்குப் போகவில்லை. கடலைப் பார்த்த அந்த ஜன்னலோரம், இருபத்திரண்டு வருஷமும் பிறகு ஒரு நாலரை வருஷமும் கழித்து, நான் இரண்டு தடவை வாசித்ததை மூன்றாம் தடவை அவரே சொன்னார்.

"ஞானபாய்."

கூப்பிடுகிறவர் போலத்தான் சொன்னார்.